யார் சொல்லி நம்பினோம்? அடிமனத்து நம்பிக்கைகளைத் தேடிப் பார்க்க ஒரு வழி

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரம். கல்விக் கடன் விண்ணப்பத்தை அவளே நிரப்பி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறியும் போட்டு நீட்டினாள். பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. “கடன்லாம் வேண்டாம்மா, அப்பா எப்படியாவது புரட்டிடறேன்” என்றேன். “ஏம்ப்பா வேண்டாம்?” என்று கேட்டாள். “நம்ம வீட்ல கடன் வாங்கற பழக்கம் இல்லை” என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் வரவில்லை. அது காரணமே இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. புரட்டுவது என்றாலும் நாலு பேரிடம் கைமாற்று வாங்குவதுதானே? அதுவும் கடன்தானே?

அன்று ராத்திரி ஒரு 40 பக்க நோட்டில் “கடன் வாங்கினால் மானம் போய்விடும்” என்று எழுதி, கீழே “இது யார் சொன்னது?” என்று கேட்டு வைத்தேன். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இதற்குப் படிப்போ பயிற்சியோ வேண்டாம். நோட்டு, பேனா, பேசச் சம்மதிக்கும் ஒரு வயதான உறவு, இவை போதும்.

எதில் தொடங்குவது

கடவுள் உண்டா இல்லையா என்பதில் தொடங்காதீர்கள். அது பெரிய கேள்விதான், ஆனால் அதில் ஏற்கெனவே இரண்டு பக்கமும் வாதங்கள் மனப்பாடமாக இருக்கும். நாம் தேடுவதற்கு முன்பே வாய் பேசிவிடும். பல்லி விழுந்த பலன் மாதிரி சின்னதிலும் தொடங்க வேண்டாம், அதை விட்டாலும் வைத்துக்கொண்டாலும் வாழ்க்கையில் ஒன்றும் மாறப்போவதில்லை. பணம், உடம்பு, பிள்ளை வளர்ப்பு, கல்யாணம், யார் வீட்டில் கை நனைக்கலாம், ஆண்பிள்ளை அழலாமா என்று தினமும் நம்மை இழுத்துக்கொண்டு போகும் விஷயம் ஒன்றை எடுங்கள்.

எடுக்கத் தெரியவில்லை என்றால் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். “அதெல்லாம் கூடாது”, “நாலு பேர் என்ன சொல்லுவாங்க”, “நம்ம வழக்கத்துல இல்லை” என்று வாய் தானாகச் சொல்லும் இடங்களை அன்றன்றே குறித்து வையுங்கள். விஷயம் சின்னது, கோபம் மட்டும் பெரிதாக வருகிறதா? அதையும் குறியுங்கள். பேசியதை அப்படியே பேச்சு வழக்கில் எழுத வேண்டும். நல்ல தமிழில் திருத்தி எழுதினால் அதில் யாருடைய குரல் இருக்கிறது என்பது மறைந்துவிடும். என் நோட்டில் அந்த வாரம் ஒன்பது வரிகள் சேர்ந்தன. ஒன்பதில் நான்கு, சொல்லுக்குச் சொல் என் அப்பாவுடையவை.

தோண்டுவது

ஒரு வரியை எடுத்துக்கொண்டு “சரி, அப்படி நடந்தால் என்ன?” என்று கேளுங்கள். வருகிற பதிலிடமும் அதையே கேளுங்கள். இனி பதில் இல்லை, வயிற்றில்தான் ஏதோ செய்கிறது என்கிற இடம் வரை போகலாம். எனக்கு வந்தது இது:

கடன் வாங்கினால் என்ன? கட்ட முடியாமல் போகும்.
போனால் என்ன? வீட்டுக்கு ஆள் வருவான்.
வந்தால் என்ன? தெரு பார்க்கும்.
பார்த்தால் என்ன? பிறகு அந்தத் தெருவில் நாம் மனுஷராக இருக்க முடியாது.

கடைசி வரியை எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். வட்டி விகிதத்தைப் பற்றியோ வருமானத்தைப் பற்றியோ எதிலும் ஒரு சொல் இல்லை. எல்லாம் தெருவைப் பற்றியே இருந்தது. கடன் என்பது மேலே தெரிந்த செடி, வேர் வேறு இடத்தில் ஓடுகிறது. நீங்கள் தோண்டும்போதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், நம்பிக்கை எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைப் பற்றியதாகவே இருக்காது. ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும் என்றில்லை. மூன்றாவது கேள்வியில் மூச்சு முட்டினால் நாளைக்கு விடுங்கள்.

சலிப்பது

இந்த இடத்தில் நம் மொழியிலேயே ஒரு நல்ல சல்லடை இருக்கிறது. ஒன்றை எப்படி அறிந்தோம் என்பதைச் சைவ சித்தாந்தத்தின் அளவை நூல்கள் மூன்றாகப் பிரிக்கும்: காண்டல், கருதல், உரை. நேரில் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, பிறர் சொல்லிக் கேட்டது. மணிமேகலையிலும் அளவைகளைப் பற்றி நீண்ட பகுதிகள் உண்டு. பல சமயத்தாரிடமும் போய் ‘உங்கள் கொள்கை என்ன’ என்று அவள் கேட்டு வருவதற்கே ஒரு முழுக் காதை இருக்கிறது. நம்பிக்கையைக் கேள்வி கேட்பது வெளியூரிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, உங்கள் நம்பிக்கைக்கு ஆதாரமாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் எந்தப் பத்தியில் வைப்பது என்று பாருங்கள். கடன் வாங்கிச் சீரழிந்த குடும்பம் ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனா? ஒன்று. எங்கள் தெருவில் சீட்டும் வட்டியுமாகப் போன ஒரு குடும்பம். மற்றதெல்லாம் உரைப் பத்தியில் போய் விழுந்தது.

உரை என்பதாலேயே அது மட்டமில்லை. நான் பிறந்த தேதியே எனக்கு உரைதான். ஆனால் கேட்டது என்பதை மறந்து, கண்டது போல் அதைச் சுமக்கிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1977இல் லின் ஹேஷரும் அவருடன் வேலை செய்தவர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையும் பொய்யும் கலந்த வாக்கியங்களைக் கொடுத்து எந்த அளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. சில வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. உண்மையோ பொய்யோ, திரும்ப வந்தவற்றின் மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. மூன்று முறைக்கே இப்படி. சோறு போடும் கையோடு சேர்ந்து பதினெட்டு வருடம் காதில் விழுந்த வாக்கியம் என்ன செய்திருக்கும்!

பெரியவர்களிடம் கேட்பது

இதுதான் உயிரான இடம், நிதானமாகச் செய்ய வேண்டும். “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று ஆரம்பித்தால் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும், வாய் அடைத்துக்கொள்ளும். காரணத்தைக் கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். “நம்ம வீட்ல முதல்ல கடன் வாங்குனது யாரு?” என்று கேட்டால் பேச்சு வரும். வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது, எந்தப் புயலுக்கு அப்புறம், யார் கல்யாணத்துக்கு முன்னே என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். சனிக்கிழமை மத்தியானம் மாதிரி அவர்களுக்கு ஓய்வான நேரமாகப் பாருங்கள். கூட ஏதாவது வேலை இருந்தால் இன்னும் நல்லது.

அப்பா இப்போது இல்லை. அப்பாவின் அக்கா, என் பெரியத்தை, மன்னார்குடிப் பக்கம் இருக்கிறாள். போய் அவளோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டேன்.

“உங்க தாத்தாதாண்டா. புயலடிச்ச மறு வருஷம்.”

“எந்தப் புயல் அத்தை?”

“அம்பத்திரண்டு புயல். தென்னை ஒண்ணு நிக்கல. வெதை நெல்லுக்கு வாங்குனாரு. அந்த வருஷமும் வெளையல. அப்புறம் கோர்ட்டு அமீனா வந்தான். அண்டா, குண்டான், தவலை, சருவம், எல்லாத்தையும் வாசல்ல கொண்டாந்து அடுக்கினான். எங்கம்மா சீர் கொண்டாந்த பித்தளை. ஒவ்வொண்ணா பேரு சொல்லி எழுதறான். தெருவே நிக்குது. உங்கப்பன் ஆறு வயசு, அந்தக் குண்டானைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குறான்.”

கீரைக் காம்பைக் கையிலேயே வைத்திருந்தாள். “அதுக்கப்புறம் உங்கப்பன் பொட்டிக் கடையில கூட பாக்கி வச்சதில்லை” என்றாள்.

நோட்டில் நான் எழுதிய கடைசி வரியும் தெருவைப் பற்றியதுதான். நான் பார்த்தே இராத ஒரு வாசலும், நான் தொட்டே இராத ஒரு குண்டானும் என் கையில் பேனாவைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன.

எல்லோருக்கும் இப்படி ஒரு அத்தை கிடைக்க மாட்டாள். கேட்க ஆளில்லை என்றால் பழைய பத்திரங்கள், பாண்டுகள், ரேஷன் கார்டு, கல்யாண மொய் நோட்டு ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். மொய் நோட்டு ஒன்று போதும், குடும்பம் யாரை மதித்தது, யாரிடம் விலகி நின்றது என்று அதிலேயே தெரியும்.

வீட்டுக்கு வெளியே தேடுவது

சில நம்பிக்கைகள் வீட்டில் பிறந்தவை அல்ல, ஊரே நம்புவது. அவற்றுக்கு வரலாற்றில் தேட வேண்டும். ஒரு எளிய வழி: இந்த நம்பிக்கை நிற்க வேறு எது முதலில் இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ராகுகாலத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று காலண்டரில் அச்சடித்திருக்கும். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாக வகுத்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுப்பதுதான் கணக்கு. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்தால்தான் பங்கு ஒன்றரை மணி நேரமாக வரும். ஆனி மாதத்திலும் மார்கழியிலும் பகல் ஒரே நீளமா? காலண்டர் அதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இந்தக் கணக்கு நிற்க ஏழு கிழமை வேண்டும். கோள்களின் பெயரில் ஓடும் ஏழு கிழமை மேற்கிலிருந்து இந்தியாவுக்கு வந்து பரவியது. கல்வெட்டில் கிழமை வரும் பழைய சான்றாக ஆய்வாளர்கள் காட்டுவது மத்தியப் பிரதேசத்தில் ஏரணில் உள்ள புத்தகுப்தன் காலத்துத் தூண், கி.பி. 484, வியாழக்கிழமை. ஆக, நாமெல்லாம் அனாதி காலந்தொட்டு என்று சொல்லும் ராகுகாலம் கிழமைக்கு முந்தியதாக இருக்கவே முடியாது. குஜராத், ராஜஸ்தான் பக்கம் போனால் சௌகடியா என்று வேறு கணக்கு பார்க்கிறார்கள்.

என் கடன் விஷயத்திலும் வெளித்தேடல் உதவியது. “கடன் பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்” என்று அப்பா அடிக்கடி சொல்வார், கம்பன் சொன்னது என்பார். எங்கள் தமிழாசிரியரும் அப்படித்தான் சொன்னார். கம்பராமாயணத்தில் அந்த அடி இல்லை. கம்பன் பெயர் அதற்கு ஒரு கனத்தைக் கொடுத்திருந்தது. பெயரை எடுத்துவிட்டுப் படித்தால் அது ஒரு நல்ல உவமை, அவ்வளவுதான். உங்கள் நம்பிக்கையைத் தாங்கும் பழமொழி, பாட்டு, ‘விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க’ எல்லாவற்றையும் இப்படி ஒருமுறை மூலத்தில் போய்ப் பாருங்கள்.

இங்கே ஒரு அவசரம் வரும், நிறுத்திக்கொள்ளுங்கள்

வேரைக் கண்டதும் பலரும் உடனே “அட, இது அந்தக் காலத்துப் பயம், தள்ளு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் கட்டினேன். அது தவறு. எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, உண்மையா என்பது வேறு கேள்வி. பாட்டி “சளி பிடிக்கும், தண்ணியக் காய்ச்சிக் குடி” என்பாள். சளிக்குக் காரணம் காய்ச்சாத தண்ணீர் இல்லை, ஆனால் காய்ச்சிய தண்ணீர் வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றும். காரணம் தவறு, செய்கை சரி. இன்னொரு பக்கம், நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று படம் போட்டுப் பாடப்புத்தகத்தில் படித்தோம். நல்ல ஆசிரியர், நல்ல புத்தகம், ஆனால் செய்தி தவறு. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும். நுனி நாக்கில் பாகற்காய்ச் சாற்றை வைத்துப் பார்த்தாலே போதும்.

உரசிப் பார்ப்பது

1960இல் பீட்டர் வேசன் என்ற இங்கிலாந்து உளவியலாளர் ஒரு விளையாட்டு வைத்தார். 2, 4, 6. இந்த மூன்றும் என் மனத்தில் உள்ள ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மூன்று மூன்று எண்ணாகச் சொல்லுங்கள், பொருந்துகிறதா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். 8, 10, 12 என்றார்கள், பொருந்தியது. 20, 22, 24, பொருந்தியது. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று பெரும்பாலோர் முதலில் சொல்லித் தோற்றார்கள். விதி வெறுமனே ஏறுவரிசை, 1, 7, 300 கூடப் பொருந்தும். தங்கள் எண்ணத்தை உடைக்கக்கூடிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

நாமும் அப்படித்தான். கடனால் கெட்டவர்கள் பெயரைக் கேட்டால் வரிசையாகச் சொல்வேன். கடன் வாங்கி, கட்டி முடித்து, நன்றாக இருப்பவர்கள் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் கேட்டேன். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், மருந்துக்கடைக்காரர், மகளின் தோழி வீட்டார். மூன்று பேரும் கல்விக் கடன் வாங்கிக் கட்டியவர்கள், மூன்று பேர் வீட்டு வாசலிலும் யாரும் பாத்திரம் அடுக்கவில்லை. நான்காவதாக ஒருவர், வேலை கிடைக்கத் தாமதமாகி இரண்டு வருடம் திண்டாடியதைச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு கணக்குப் போட்டேன். தெருவில் மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36. பத்து வட்டி என்றால் 120. இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வங்கியின் கல்விக் கடன் வட்டி இதன் பக்கத்திலேயே வராது, திருப்பிக் கட்டுவதும் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது. தாத்தா வாங்கியதும் மகள் கேட்பதும் ‘கடன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் இரண்டு வேறு பொருள்கள்.

ஒரு எச்சரிக்கை. உரசிப் பார்க்கிறேன் என்று மருந்தை நிறுத்துவது, தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது வேண்டவே வேண்டாம். தவறினால் திரும்பி வர முடிகிற விஷயத்தில் மட்டும் பரிசோதனை.

நோட்டில் வராத நம்பிக்கைகள்

என் நோட்டில் சேர்ந்த ஒன்பது வரியும் எனக்கு வலி தந்தவை. எனக்குச் சுகம் தரும் நம்பிக்கை ஒன்றுகூட அதில் இல்லை, அது உறுத்தவே உறுத்தாது அல்லவா? இதை நான் கண்டுகொண்டது எங்கள் அடுக்களையில்தான். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் காப்பி கொடுக்கும் டம்ளர், சிங்க்குக்குக் கீழே குழாய் ஓரமாகத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும், விளிம்பில் லேசாக நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். அதை அங்கே வைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கழுவி அங்கே கவிழ்த்தவன் நானும்தான். தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் சிங்க்குக்குக் கீழே அது இன்னும் வரவில்லை.

அதனால் இரண்டாவது வாரத்தில் உங்கள் நோட்டை மூடிவிட்டு, வீட்டையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். யார் எந்த நாற்காலியில் உட்காருவதில்லை, யார் பின்வாசலால் வருகிறார்கள், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், யாரை ‘வா, போ’ என்கிறோம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இவற்றுக்கு மட்டும் மேலே சொன்ன நிதானமெல்லாம் பொருந்தாது. அடுத்தவரைத் தாழ்த்தும் பழக்கத்தை முதலில் நிறுத்திவிட்டு, வேரை அப்புறம் தேடுங்கள். அந்த டம்ளரை அன்றைக்கே மற்ற டம்ளர்களோடு அடுக்கினோம்.

கிடைத்ததை என்ன செய்வது

விட்டுவிடலாம், வைத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். எதுவானாலும் நோட்டில் புதிய வாக்கியமாக, உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். பழையதை அடிக்க வேண்டாம், இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். என்னுடையது இப்படி மாறியது: “கட்டுகிற வழி தெரியாமல் வாங்கக் கூடாது.” அப்பாவுடைய பயத்தில் இருந்த நல்ல பகுதி அதில் இருக்கிறது.

மாறியதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். வள்ளலார் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தைப் படித்துப் பாருங்கள். தாம் முன்பு சைவ சமயத்தில் அளவு சொல்ல முடியாத பற்று வைத்திருந்ததையும், அது போய்விட்டதையும், கூடியிருந்தவர்கள் முன்னால் அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். முன்பு பாடியவற்றை மறைக்கவில்லை. அவ்வளவு பெரிய மனத்துக்கு அது முடிந்தது என்பதே எனக்குத் துணையாக இருந்தது. வீட்டில் எல்லோரையும் மாற்றப் புறப்பட வேண்டாம். உங்கள் நோட்டு உங்களுக்கானது.

தோண்டும்போது சிறுவயது அடி, அவமானம், யாரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று மேலே வந்து தூக்கம் கெடுகிறது என்றால் தனியாகத் தொடராதீர்கள். மனநல ஆலோசகரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று சாயங்காலம் பெரியத்தைக்குப் போன் செய்தேன். கடன் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: “என்ன வட்டிடா?” சொன்னேன். “மாசத்துக்கா, வருஷத்துக்கா?” வருஷத்துக்கு என்றேன். விரல் விட்டு எண்ணுவது கேட்டது, உதட்டுக்குள் முணுமுணுப்பாக. “வெதை நெல்லுக்கு எங்கப்பாரு குடுத்தது இதுக்கு எத்தனையோ மடங்கு” என்றாள். “சரி, புள்ளை படிக்கட்டும். ரசீதையெல்லாம் பத்திரமா வை.”